கை நழுவிய பந்து

நார்சிசோவின் இடக்கண் போன கதையை மக்கோரிஸ் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ருஃபினோவின் கை நழுவியது, பந்து கண்ணில் பட்டது, அவ்வளவுதான் என்பார்கள். ருஃபினோ அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

இருவரும் ஒன்றாகக் கரும்பு வெட்டியவர்கள். பேஸ்பாலில் ருஃபினோ வீசுவான், நார்சிசோ அடிப்பான். அமெரிக்காவிலிருந்து ஆள் பிடிக்க வந்தவன் கண்ணெதிரே, ருஃபினோவின் பந்தை நார்சிசோ இரண்டு முறை வேலிக்கு வெளியே விளாசினான். அடுத்த பந்து நேராக முகத்துக்கு வந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. பந்து உடம்பில் பட்டவன் முதல் தளத்துக்கு நடந்து போகலாம் என்பது ஆட்ட விதி. நார்சிசோவை மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டுத்தான் கொண்டுபோனார்கள். ஆள் பிடிக்க வந்தவன் ருஃபினோவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினான்.

அங்கே ருஃபினோ கொடிகட்டிப் பறந்தான். எதிரணிக்காரர்களின் விலாவை உடைத்தான், நடுவரை அறைந்தான், கட்டியவளின் பல்லைக் கழற்றினான். ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தான். ஊர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டது. மன்னிக்க ஊர் யார், அடி வாங்கியதா என்ன? கிறிஸ்துமஸுக்கு நார்சிசோ வீட்டுக்கும் அவனிடமிருந்து பன்றித்தொடை வரும். மனைவி தோமாசீனா சமைத்துச் சாப்பிடுவாள். நார்சிசோ தொடமாட்டான்.

அவன் ஸ்டேடிய வாசலில் இளநீர் வெட்டிப் பிழைத்தான். ஒற்றைக்கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் ஒரு விரலையும் வெட்டிக்கொண்டான்.

"கை நழுவிருச்சுன்னு அவரே சொல்றாருல்ல. விட்டுத் தொலையேன்யா" என்பாள் தோமாசீனா.

"நழுவுச்சுன்னா விட்டுர்றேன்டி. நழுவுச்சான்னு எனக்குத் தெரியணும்."

ஸ்டேடியத்துக்கு ருஃபினோவின் பெயரை வைத்த அன்று பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. நார்சிசோ அரிவாளை வைத்துவிட்டு மட்டையோடு உள்ளே போனான். நல்ல கண் பந்தைப் பார்க்க வேண்டுமே, இடக்கைக்காரன்போல் நின்றான்.

"டேய் ஒத்தக்கண்ணா, வர்றது தேங்கா இல்லடா!" கூட்டம் சிரித்தது.

"சும்மா இருங்கப்பா. பாவம், மெதுவாப் போடறேன்" என்றான் ருஃபினோ.

மெதுவாக வந்த பந்தை நார்சிசோ வெளுத்தான். கோட்டுக்கு வெளியே போனதால் கணக்கில் சேரவில்லை, ஆனால் வேலியைத் தாண்டியது. இப்போது கூட்டம் ருஃபினோவைப் பார்த்துச் சிரித்தது. நார்சிசோ பந்து வரும் வழியை ஒட்டி இன்னும் ஓரடி நெருங்கினான்.

"இப்ப போடுறா."

ருஃபினோவின் சிரிப்பு செத்தது. பந்து நேராக நல்ல கண்ணுக்கு வந்தது. நார்சிசோ கையைக் குறுக்கே கொடுத்தான். முன்கை எலும்பு இரண்டாக முறிந்து தோலைக் கிழித்தது.

"கை நழுவிருச்சு! சத்தியமா நழுவிருச்சு!"

"அதே கை, அதே வார்த்தை, அதே முகம். போதும்டா ருஃபினோ, தெரிஞ்சுபோச்சு."

ஸ்ட்ரெச்சர் வந்தது. நார்சிசோ அதை உதைத்துத் தள்ளினான். ரத்தம் சொட்ட, தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் முதல் தளத்தில் ஏறி நின்றான்.

கூட்டத்தில் நின்ற தோமாசீனா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இத்தன வருசமும் அவன் குடுத்த கறியத் தின்னேனே!"