பூசணம் பிடித்த புண்ணாக்கு

ராஜமாணிக்கம் மீன் வளர்க்க அந்தமானுக்கு வந்தவர் அல்ல. ரோடு போட வந்தவர். முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்துப்போன காலத்தில், கூலி வேலைக்கு ஆள் சேர்த்த ஒரு கான்ட்ராக்டரோடு மதராஸில் கப்பல் ஏறினார். ஹேவ்லாக் தீவில், படகு வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து உள்ளே போகும் ரோட்டுக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்தபோது வெடி முந்திக்கொண்டது. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவும் இல்லை, பாரம் தாங்கவும் இல்லை.

ஊருக்கே அனுப்பிவிடுவதாகக் கான்ட்ராக்டர் சொன்னார். ராஜமாணிக்கம் மறுத்துவிட்டார். இருந்த துண்டு நிலமும் கைமாறிவிட்டது. நொண்டிக் காலோடு தம்பி வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்காருவதை நினைக்கவே அவருக்குக் கூசியது. கூடவே வந்திருந்த மனைவி ஜெயலட்சுமிக்கும் அதே எண்ணம்தான்.

அப்போது வழி காட்டியவர் நிதாய் மண்டல். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து ஹேவ்லாக்கில் குடியேறியவர். நெல் வயலும் அதன் ஓரத்தில் ஒரு மீன்குளமும் அவருக்கு இருந்தன. அந்தக் குளத்துக்குச் சற்றுக் கீழே, ரோட்டுக்காக மண் வெட்டிய பெரும் பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து சும்மா கிடந்தது. அதில் மீன் விடலாம் என்றார். சர்க்காரும் அனுமதி கொடுத்தது. மீன் வளர்க்கும் வரைக்கும் கரையில் குடிசை போட்டு இருந்துகொள்ளலாம். மீன் இல்லாவிட்டால் இடமும் இல்லை.

கல்கத்தாக் கப்பலில் தகர டின்களில் வந்த ரோகு, கட்லா மீன்குஞ்சுகளை வாங்கி விட்டார்கள். மண்டலின் குளத்தில் மிகுந்த தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக இவர்கள் குளத்துக்கு வந்தது. மண்டல் தன் மீன்களுக்குத் தவிடு போடுவார், தண்ணீரில் பச்சை பிடிக்கச் சாணம் கரைப்பார், வயலில் இறங்கி நத்தை பொறுக்கி நசுக்கிப் போடுவார். முதலில் ராஜமாணிக்கமும் அப்படித்தான் செய்து பார்த்தார். ஆனால் சேற்றில் இறங்கினால் கால் மாட்டிக்கொள்ளும். வேறொருவர் வந்து இழுத்து விட வேண்டும். ஜெயலட்சுமிக்கோ பகல் முழுவதும் பிறர் வயலில் வேலை. அதனால் அவர் கடலைப் புண்ணாக்குக்கு மாறினார். மதராஸ் கப்பலில் போர்ட் பிளேருக்கு வந்து, அங்கிருந்து படகில் ஹேவ்லாக் வரும். உடைத்துக் கரையில் நின்றபடியே எறிந்துவிடலாம். மீன்களும் முட்டி மோதிக்கொண்டு தின்றன. மற்றதெல்லாம் மெல்ல நின்றுபோயிற்று.

இரண்டாம் வருஷம் கட்லாக்களின் முதுகு அகலமாகத் தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கரையில் உட்கார்ந்திருப்பார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த நாட்களில்தான் என்று ஜெயலட்சுமி பின்னால் சொல்வாள்.

மே மாதக் கடைசியில் வந்த புண்ணாக்கு மூட்டைகள் படகுத் தட்டிலேயே மழையில் நனைந்துவிட்டன. அடுத்த படகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடிசைக்குள் அடுக்கிய மூட்டைகளைச் சில நாள் கழித்துப் பிரித்தபோது பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பிடித்திருந்தது. ராஜமாணிக்கம் அதை வெயில் கண்ட நேரத்தில் பாயில் பரப்பினார், துணியால் தட்டினார், தூள் போனபின் வழக்கம்போல மீனுக்குப் போட்டார். பாயில் கொத்தித் தின்ற கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டுச் செத்தன. மழைக்காலத்துச் சீக்கு என்று அவற்றைப் புதைத்தார்கள்.

ஜூலையில் குளம் கெட்டது. முதலில் சில மீன்கள் கரையோரமாக அசைவில்லாமல் நின்றன. கையை நீட்டினாலும் ஓடவில்லை. பிறகு உடம்பில் சிவப்புத் திட்டுகள் வந்தன, திட்டு புண்ணாகியது, செதில் நிமிர்ந்தது, வயிறு ஊதியது. ஒவ்வொரு விடியலிலும் வெள்ளை வயிறுகள் தண்ணீரில் மிதந்தன. ஜெயலட்சுமி கூடையில் அள்ளிக்கொண்டுபோய்த் தென்னை அடியில் புதைத்தாள். குழி தோண்டித் தோண்டி அவளுக்குக் கை கொப்பளித்தது.

ராஜமாணிக்கம் சுண்ணாம்பு போட்டார். உப்புப் போட்டார். எதற்கும் சாவு நிற்கவில்லை. தண்ணீரில் தீனி மிதந்தும் மீன்கள் ஏறி வராதபோது, இன்னும் அதிகமாகப் புண்ணாக்கை எறிந்தார். தின்றால் தெம்பு வரும் என்று நினைத்தார்.

மண்டலின் குளத்தில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க இவர் மனம் திரிந்தது. அங்கிருந்துதானே தண்ணீர் வருகிறது? அந்தத் தண்ணீரில் எதையோ கலக்கிவிட்டான் என்று முடிவு செய்தார். ஒரு மழை நாளில் வரப்பில் நின்று மண்டலைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ரோட்டு ஹிந்தியில் வாய்க்கு வந்தபடி பேசினார். மண்டல் நனைந்துகொண்டே கேட்டார். கடைசியில், "மானிக் பாய், யே பானி ஹம் பீ பீத்தா ஹை," என்று மட்டும் சொன்னார். இந்தத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம் என்று அர்த்தம். ராஜமாணிக்கம் அதைக் காதில் வாங்கவில்லை. மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை அடைத்தார்.

வரத்துத் தண்ணீர் நின்றதும் குளம் கலங்கி நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒரு நாள் ஜெயலட்சுமி வயலிலிருந்து வந்தபோது கரையில் அவரைக் காணோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சாகக் கிடந்த மீனை ஒவ்வொன்றாகத் தூக்கி, புண்ணில் மஞ்சளும் உப்பும் தடவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறி வாங்க. காலு என்னத்துக்கு ஆகும்," என்றாள்.

"இது போச்சுன்னா நாம எங்கிட்டுப் போறது புள்ள?"

ஜெயலட்சுமி புடவையைச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். அவர் தடவிவிட்ட மீன்கள் அவள் கண்முன்னாலேயே சாய்ந்து மிதந்தன. அவரைத் தோளில் தாங்கிக் கரையேற்றினாள். பழைய காயம் வாய் திறந்திருந்தது.

மறுநாள் அவளே மண்டல் வீட்டுக்குப் போனாள். ஜெட்டிக்கு வரும் படகில் போர்ட் பிளேர் மீன்வளத் துறைக்குச் சேதி சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். மண்டல் தானே ஜெட்டிக்குப் போய்ப் படகுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கடல் அடங்கிய ஒரு நாளில் மீன்வளத் துறையிலிருந்து குருநாதன் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். கும்பகோணத்துக்காரர். சாகும் நிலையில் இருந்த ஒரு கட்லாவை எடுத்துப் பலகையில் வைத்து அறுத்தார். ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. விரல் பட்டதும் பொடிந்தது. பிறகு மண்டலின் குளத்தில் வலை போடச் சொன்னார். வந்த ரோகுகளில் சிலவற்றின் விலாவில் ஆறிய புண்ணின் தழும்பு இருந்தது. அதில் ஒன்றை அறுத்தார். ஈரல் செக்கச்செவேலென்று கெட்டியாக இருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டார். ஜெயலட்சுமி மீதி மூட்டையைக் காட்டினாள்.

"நோய் ரெண்டு குளத்துக்கும் வந்திருக்கு ராஜமாணிக்கம். அவர் மீன் அதைத் தாங்கிடுச்சு, உங்களோடது தாங்கல. பூசணம் பிடிச்ச புண்ணாக்கு ஈரலைத் தின்னுடும்னு இப்பதான் புஸ்தகங்கள்ல எழுதறாங்க. அதோட, ஒரே புண்ணாக்கையே தின்னா உடம்புல எதிர்த்து நிக்கத் தெம்பு எங்கேருந்து வரும்?"

"தூளெல்லாம் தட்டிட்டுத்தாங்க போட்டேன்."

"தட்டினா போகாது. உள்ள இறங்கியிருக்கும்."

"இதுக்கு மருந்து?"

ஈரல் போன மீனுக்கு மருந்து கிடையாது என்றார் குருநாதன். தீனியை உடனே நிறுத்தி, புதுத் தண்ணீர் விட்டு, தெம்புள்ளதைத் தனியே பிரித்து வைத்தால் கொஞ்சம் தேறலாம். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கரைக்கும்படி, தன்னிடம் இருந்த பெர்மாங்கனேட்டைக் கொடுத்துவிட்டு அதே படகில் திரும்பிவிட்டார்.

ராஜமாணிக்கம் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஈக்கள் மொய்த்தும் எழவில்லை. சாகாமல் இருக்கட்டும் என்று தெம்புக்குப் போட்ட ஒவ்வொரு கைப்பிடியும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஜெயலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டபோது, "என் கையாலதானே ஜெயா போட்டேன்," என்றார்.

அவள் மூட்டைகளைப் புதைத்தாள். வாய்க்காலில் அடைத்த மண்ணை வெட்டித் திறக்கப் போனபோது, மறுபக்கம் மண்டல் ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தார். நாற்றங்கால் ஓரத்தில் தான் குஞ்சு விட வைத்திருந்த பள்ளத்தைக் காட்டி, நீந்துகிற மீன்களை அதில் விடலாம் என்றார். நோய் மீன் தன் குளத்துக்குப் பக்கத்தில் வருவதைப் பற்றி அவர் வீட்டில் சண்டை நடந்தது. அவர் மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அவளே நத்தையோடு வந்து நின்றாள்.

பெரும்பாலும் செத்தன. பள்ளத்தில் விட்டதிலும் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே போய்விட்டது. காலில் சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்த ராஜமாணிக்கத்திடம் எண்ணிக்கையைச் சொல்ல ஜெயலட்சுமிக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் இடத்தை விட்டுக் கிளம்பும் பேச்சு வந்துவிடும் என்று இருவருமே பயந்தார்கள். அவள் விடியும் முன் வயலில் இறங்கி நத்தை பொறுக்கினாள். ஜெட்டியில் காயவைக்கும் கூனி இறாலின் உதிரியைக் கேட்டு வாங்கி, புதுத் தவிட்டோடு பிசைந்து போட்டாள்.

ஆகஸ்டு முடிவில் சாவு நின்றது. மிஞ்சிய சில மீன்கள் வற்றி, தலை பெருத்து, தழும்போடு இருந்தன. ஆனால் கை நீட்டினால் ஓடின. அதை அவள் சொன்னபோதுதான் ராஜமாணிக்கம் கட்டிலை விட்டு எழுந்தார். ஒரு கோலை ஊன்றி மண்டல் வீட்டு வாசலுக்குப் போய் நின்று, "காலி தியா மேனே. கலத் போலா," என்றார். திட்டினேன், தப்பாகப் பேசினேன் என்பதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு ஹிந்திதான் வந்தது. மண்டல் அவரை உட்காரச் சொல்லி, முதலில் காலைக் காட்டும்படி கேட்டார். பார்த்துவிட்டு, நாளையே படகில் ஏறியாக வேண்டும் என்றார்.

போர்ட் பிளேரில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, குளத்தில் மீன் இருக்கிறதா என்று பார்க்க ரெவின்யூ ஆட்கள் வந்தார்கள். மிஞ்சிய மீன்களை ஜெயலட்சுமி அதற்குள் தங்கள் குளத்துக்கே திருப்பி விட்டிருந்தாள். மண்டலும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வலையை இழுத்தார்கள். முதல் இழுப்பில் வெறும் பாசிதான் வந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கழுத்தளவு தண்ணீருக்குள் போய் வலையின் அடியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபடி இழுக்கச் சொன்னாள். இந்தத் தடவை கரை சேரும் முன்பே வலை உதறியது.