வெளுத்த வெல்லம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டில், மாட்டுப் பொங்கல் அன்று நடந்தது இது. வீட்டை ஒட்டித்தான் எங்கள் தறிக்கூடம். பண்டிகை என்பதால் சில நாட்களாக விசைத்தறிகள் ஓடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இளைப்பு உண்டு. எங்கள் ஊரில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் பஞ்சுத் தூசி என்றுதான் சொல்வோம். அதற்கு வைத்தியம் வெல்லம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை இறக்கிவிடும் என்று தறி ஓட்டுகிறவர்கள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். நான் தாராள மனசுக்காரி, அவருக்கு எப்போதும் கூடுதலாகவே கொடுப்பேன். அதுவும் கடையில் இருப்பதிலேயே வெளுத்த மஞ்சளாகப் பார்த்து வாங்கியதுதான். கறுத்த வெல்லம் என்றால் அழுக்கு என்பது என் எண்ணம்.

அன்று மதியம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதும் அவருக்கு நெஞ்சு இழுத்தது. வெல்லம் தூக்கலாகப் போட்டு, சூடாகச் சுக்குக்காப்பி கொடுத்தேன். இழுப்பு அதிகமானது. பதறிப்போய் இன்னொரு டம்ளர் போட்டேன். அது பாதிகூட உள்ளே போகவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. வாயில் அடிக்கும் மருந்தும் கேட்கவில்லை. வாசலை நோக்கிக் கையைத்தான் காட்டினார், பேச மூச்சில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போகும்போது நான் வேண்டாத தெய்வமில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்ட பிறகுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது.

"தறிப் பஞ்சுங்க டாக்டர்" என்றேன்.

"பண்டிகைக்குக்கூடத் தறி ஓட்டுனீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் சாப்பிட்டது, குடித்தது எல்லாம் டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். வெல்லம் என்ன நிறம் என்றும் கேட்டார். சொன்னேன்.

"வெல்லத்த வெளுக்க வெக்க கந்தக மருந்து போடறாங்கம்மா. எல்லாருக்கும் இப்படி ஆகாது. இளைப்பு இருக்கற சிலருக்கு மூச்சுக்குழாய இறுக்கிப்போடும். அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினேன். தறி ஓடுகிறது, பஞ்சும் பறக்கிறது, இளைப்பும் முழுசாக விடவில்லை. ஆனால் அப்படி ஓர் இழுப்பு அப்புறம் வரவில்லை. அவர் லேசாகச் செருமினாலும் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அன்று அவர் போயிருந்தால் ஊரே பஞ்சைத்தான் திட்டியிருக்கும். என் கையில் இருந்த டம்ளரை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட.