மீட்டர் எண் 63423271

என் வீட்டுக்காரருக்கு நோய் வந்து கண் போய்விட்டது என்று ஊரே சொல்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாடிப்படிக்குக் கீழே தொங்கும் மின்சார மீட்டரின் எண்தான் அந்தக் கண்ணைத் தின்றது.

அவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். கணக்குப் புத்தகம் என்றால் அவர் மேசைக்குத்தான் வரும். ஒருநாள் மீட்டரில் 63423271 என்று படித்தவர், அதை மூன்று, ஏழு, பதினொன்று என்று மனதிலேயே வகுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. "இது பகா எண் போலிருக்கே" என்று அங்கேயே நின்றுவிட்டார். கையிலிருந்த காய்கறிப் பையை நான்தான் வாங்கிக்கொண்டு படியேறினேன்.

அதே மாதம் கண் டாக்டர் கறாராகச் சொன்னார். "நரம்பு போய்க்கிட்டிருக்கு. பொடி எழுத்துப் பக்கமே போகாதீங்க. போன பார்வை திரும்ப வராது."

வேலையை விட்டார். அட, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று நான் ஏமாந்தேன். விட்டது வேலையை மட்டும்தான்.

"இந்த எண் ரெண்டு எண்ணோட பெருக்கலா உடைஞ்சா, சின்னது 7963-ஐத் தாண்டாது. அதுவரைக்கும் இருக்கிற பகா எண்களால வகுத்தா போதும்."

போதுமாம்! ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தினம் ஒன்று வகுப்பார், மறுபடி வகுப்பார், பெருக்கிச் சரிபார்ப்பார். பகா எண் அட்டவணைகூட அவரே புரூஃப் பார்த்த புத்தகத்தில் இருந்ததுதான். வேறு எதையும் நம்ப மாட்டார்.

"கால்குலேட்டர்ல தட்டினா என்னங்க? கண்ணு போயிடும்" என்று அழுதேன்.

"தட்டுறது யாருக்கும் வரும்" என்றார்.

மூன்று வருஷம். கடைசியாக 7963. மீதி 5939. அதை எழுதி முடித்தபோது தான் எழுதியதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் முகத்தில் கல்யாணக் களை. இது பகா எண்தான் என்று கணிதப் பத்திரிகைக்குக் கடிதம் போடச் சொல்லி மகளை நச்சரித்தார். போடுமுன் அவள் எதற்கும் இருக்கட்டுமென்று கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

"அப்பா... 7919-ஐ 8009-ஆல பெருக்கினா இது வருதுப்பா."

"7919-ஆ? அப்படி ஒண்ணை நான் வகுத்த ஞாபகம் இல்லையே." என் பக்கம் திரும்பினார். "அட்டவணையை வாசி."

வாசித்தேன். 7901. 7907. 7927.

அவர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனா கேட்டார். புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் தடவி, விட்டுப்போனதைச் சேர்க்கும் குறியைப் போட்டு, ஓரத்தில் 7919 என்று எழுதினார். குறி இரண்டு வரி கீழே விழுந்தது. எண் பக்கத்தைத் தாண்டி வேட்டியில் முடிந்தது.

"சரியான இடத்துல போட்டிருக்கேனா?"

மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் வாய் வரைக்கும் வந்தது.

"சரியாத்தான் இருக்குங்க" என்றேன். என்னை அப்படிச் சொல்ல வைத்ததற்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை.