கரண்ட் போனாலும் திறக்காத கதவு

நான் ஓரிடத்தில் நிலைத்துத் தங்காதவன். பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை போனதும் ஜார்ஜ் டவுனில் கீழே கடையும் மேலே அறைகளுமாக இருந்த ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்தேன். ஹெல்மெட், காலணி எல்லாம் திருடு போனதால், வீட்டுக்காரர் மாடிக் கதவுக்கு மின்காந்தப் பூட்டு போட்டிருந்தார். மூடும்போதெல்லாம் 'டொக்' என்று ஒட்டிக்கொள்ளும்; மின்சாரம் ஓடும்வரைதான் அந்தப் பிடி.

"கரண்ட் போனாலும் திருடன் வரமுடியாது தம்பி. மேல பேட்டரி இருக்கு."

"நாங்க எப்படிண்ணே வெளிய போறது?"

"உள்ள பட்டன் இருக்குலா, அமுக்கு!"

ஒரு மத்தியானம் மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் கீழ்க்கடையிலிருந்து புகை மேலேறியது. பக்கத்து அறை மேரி அக்காவும் நானும் கதவுக்கு ஓடினோம். பட்டனை அமுக்கினோம், திறக்கவில்லை. பட்டனுக்கு மட்டும் பேட்டரி இணைப்புக் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜன்னல்களிலோ இரும்புக் கம்பி.

"இடிடா தம்பி!" என்று அக்கா இருமிக்கொண்டே கத்தினார். தோளால் மோதினேன், கதவு அசையவில்லை. நாற்காலியில் ஏறி, கதவுக்கு மேலிருந்த பெட்டியை உடைத்து, பேட்டரி வயரைப் பிடுங்கினேன். அதன் பிறகே பூட்டு பிடியை விட்டது.

அதன்பின் பல அறைகள் மாறிவிட்டேன். இப்படிப் பூட்டுள்ள வீடென்றால், முதலில் வீட்டுக்காரரோடு உள்ளே நின்று, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "இப்பத் திறங்கண்ணே" என்கிறேன். திறக்காவிட்டால் அங்கே பையை இறக்குவதில்லை.