முன்சக்கரம் அண்ணனுக்கு, பின்சக்கரம் தம்பிக்கு

அந்த ஜீப் மெக்கானிக்குக்குக் கடுகு என்று பெயர் வைத்தவன் யாரோ, சரியாகத்தான் வைத்தான். சின்ன உருவம், வாயைத் திறந்தால் பொரிவான். பட்டறை வாசலில் வண்டி வந்து நிற்கும்போதே, "ஹாரன் அடிக்காத, எனக்குக் கண்ணு இருக்கு" என்பான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். ஒரு போல்ட் மிஞ்சினாலும் பொட்டலம் கட்டி வண்டிக்காரர் மடியில் போட்டுத்தான் அனுப்புவான். அப்படிப்பட்டவனைத்தான் திருடன் என்றார்கள். சொன்னது யார்? அவன் பெண்டாட்டியின் பெரிய அண்ணன்.

அவளுக்கு அண்ணன்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரு ஜீப் பொது, மலைமேல் கல் குவாரிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். அப்பன் போன பிறகு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்களால் ஜீப்புக்கு நடுவே எழுப்ப முடியவில்லை. ஒரு நாள் இவன் ஓட்டுவான், மறுநாள் அவன். முன் டயர் பெரியவன் பொறுப்பு, பின் டயர் சின்னவன் பொறுப்பு. பேச்சுவார்த்தை கிடையாது.

ஏற்றத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி உண்டு. அடியில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டியை அதுதான் மாற்றும். கொஞ்ச நாளாக அது இறுகிப்போனது. மலையில் போட்டால் விழும். தார் ரோட்டுக்கு வந்து எடுக்கப் பார்த்தால், இரண்டு கையால் இழுத்தாலும் வராது. கடுகு பெட்டியைப் பிரித்தான், எண்ணெய் மாற்றினான், கம்பியின் மூட்டெல்லாம் துரு சுரண்டிக் கிரீஸ் வைத்தான். பழைய குருடி கதைதான். பெரியவன் நேரே டயர் கடைக்குப் போய், நாலு பேர் நடுவில், "நல்ல பல்சக்கரத்தை உருவிக்கிட்டுப் பழசை மாட்டிட்டான்" என்று சொல்லிவிட்டான். அப்புறம் பட்டறை ஈ ஓட்டியது.

அதோடு விட்டார்களா? ஒரு காலையில் அண்ணனும் தம்பியுமாக ஜீப்போடு வந்து இறங்கினார்கள்.

"மாப்ள, வண்டியை வேற பட்டறையில பிரிக்கப் போறோம். உன் யோக்கியதை அங்க தெரியும்" என்றான் பெரியவன்.

"தாராளமா. ஆனா என் வேலையை நான் ஒரு தடவை பார்த்த பிறகுதான் வண்டி இங்கிருந்து நகரும்" என்று கடுகு ஜாக்கியை இழுத்து வந்தான்.

குட்டிக் கம்பி அப்போதும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது. முன்பக்கத்தைத் தூக்கினான். டயர் தரையை விட்டதும், யாரோ பிடித்து வைத்திருந்ததை விட்டதுபோல வெடுக்கென்று தானாகக் கொஞ்சம் சுற்றியது.

"ஏங்க, யாரும் தொடல, சக்கரம் சுத்துது!" என்றாள், சத்தம் கேட்டு வந்து நின்ற மனைவி.

கடுகு ஒரு விரலால் கம்பியைத் தள்ளினான். வெண்ணெயில் கத்தி போனதுபோல் நகர்ந்தது. வண்டியை இறக்கி, முன்டயரிலும் பின்டயரிலும் அடியில் சாக்பீஸ் கோடு போட்டுத் தள்ளச் சொன்னான். முன்கோடு ஒரு சுற்று வந்து தரையைத் தொட்டபோது, பின்கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாரு மச்சான். உன் டயர் தேஞ்சு குட்டை, அவன் டயர் புதுசு, நெட்டை. நாலையும் ஒண்ணாப் பூட்டினா குட்டை வேகமாச் சுத்தணும்ங்குது, நெட்டை விடமாட்டேங்குது. மண்ணுல வழுக்கிச் சமாளிக்கும். தார்ல எங்க போகும்? எல்லா முறுக்கும் பெட்டிக்குள்ள. அது பாவம், உங்க நடுவுல வாக்கப்பட்ட மாதிரி நிக்குது."

பெரியவன் தங்கையிடம், "உசரமா வாங்கினவனை மாத்தச் சொல்லு" என்றான்.

சின்னவனும் அவளிடமே, "வழுக்கை டயர்க்காரரை மாத்தச் சொல்லு" என்றான்.

"ஒரு கை தூரத்துல நின்னுக்கிட்டு என்கிட்ட சொல்லி அனுப்புறீங்களே, நான் என்ன தபால்காரியா?" என்றாள் அவள்.

கடுகு படுத்து அடியில் புகுந்தான். முன்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் தண்டைக் கழற்றிச் சுவரில் மாட்டினான். "இனி பின்சக்கரம்தான் இழுக்கும். நாலு டயரும் ஒரே அளவா வந்தா மாட்டுறேன். அதுக்கு முன்னாடி, என்னைத் திருடன்னு எங்க நின்னு சொன்னியோ அங்கயே நின்னு இல்லைன்னு சொல்லணும்."

"சொல்ல முடியாது."

"அப்ப மலைக்கு நடந்து போ."

மறுநாள் பெரியவன் முறை. முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் வெறுமனே சுற்ற, குவாரி ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளத் தள்ள அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். சாயங்காலம் பட்டறைக்குப் பின்டயர் அளவிலேயே புது டயர் இரண்டு வந்தன. ஒன்றை அவன் உருட்டினான், மற்றதை டயர் கடைக்காரன்.

கடுகு கடைக்காரனைப் பார்த்து, "சொன்னாரா?" என்றான்.

"சொன்னாரு. வாய்க்குள்ள."

"அப்ப போல்ட்டும் பாதிதான் மாட்டுவேன்."

பெரியவனுக்கு முகம் மிளகாய்ப் பழமானது. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, "என் மாப்ள திருடன் இல்லய்யா! போதுமா?" என்று கத்தினான். எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

கடுகு சுவரிலிருந்து தண்டை எடுத்தான். "ஹாரன் அடிக்காத. எனக்குக் காதும் இருக்கு."