நாற்பது மீட்டரில் ஒரு கட்டைவிரல்

நான் பொய் சொல்வேன். நன்றாகவே சொல்வேன். என் மனைவியைக் கேட்டால் பட்டியலே தருவாள். ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒன்றும் குறையாது.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ. எனக்கு வந்தது மதியம் இரண்டேகாலுக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஒன்று ஐந்துக்குப் போன். பழைய ஆஃபீஸ் மேனேஜர். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் அங்கே சோதனை அறிக்கை செல்லுபடியாக வேண்டுமானால் இன்னும் என் கையெழுத்துதான் வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து ஆஃபீஸுக்குப் போனேன். கோபம் அந்தத் தட்டிலேயே தொடங்கிவிட்டது.

“ஒரே ஒரு கையெழுத்து சார். நேத்து தேதி போட்டுடுங்க.”

“நேத்து நான் இந்தப் பக்கமே வரலையே தம்பி.”

“பேப்பருக்கு அதெல்லாம் தெரியாது சார்.”

“எனக்குத் தெரியுமே. சரி, பெட்டி எப்ப தண்ணியில இறங்குது?”

“அது... அடுத்த வாரம்.” முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பெட்டி ஒரு தடித்த புத்தக அளவுதான். அணையின் மதகைப் பார்க்கத் தண்ணீருக்குள் இறங்குபவர் அதை நெஞ்சில் கட்டிக்கொள்வார். விளக்குக்கும், மேலே இருப்பவர்களுடன் பேசும் கருவிக்கும் அதற்குள்தான் பாட்டரி. நாற்பது மீட்டர் ஆழத்தில் அதில் தண்ணீர் புகுந்தால் விளக்கும் போகும், பேச்சும் போகும். அந்தக் கும்மிருட்டில் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. என் கையெழுத்தை நம்பித்தான் ஒரு மனிதர் இறங்குகிறார். அதைப் போய் நேற்றைய தேதியில் போடச் சொல்கிறான்!

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுதான் போடுவேன்.”

“தாராளமா ஓட்டுங்க சார். நாங்க சாப்பிட்டு வந்துடறோம்.”

“நல்லா சாப்பிடுங்க. நான் காத்தைக் குடிக்கிறேன்.”

ஆஃபீஸே காலியானது.

கம்ப்யூட்டரில் பெட்டியின் படம் இருந்தது. அதைச் சுற்றி நாற்பது மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தைக் கொடுத்தால், தாங்கும் இடம் நீலமாகவும் தாங்காத இடம் சிவப்பாகவும் காட்டும். எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. பெட்டி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தால் கால் பங்குக்கு மட்டும் கணக்குப் போடுவோம். மிச்ச முக்கால் வெறும் கண்ணாடிப் பிம்பம். ஒரு கால் பங்கில் இருப்பதுதான் நான்கிலும் தெரியும். வேறு மாதிரி தெரிய வழியே கிடையாது.

2:15. கணக்கு முடிந்தது.

மூன்று கால்கள் சுத்த நீலம். நான்காவதில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்கள் சும்மா இருக்க, உள்ளே இருப்பவன் மட்டும் மூக்கைச் சொறிந்தால் எப்படி இருக்கும்? சாஃப்ட்வேர் எழுதியவனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

2:24. புள்ளி பெரிதாகியிருந்தது. நீள்வட்டம். அளந்து பார்த்தேன். அகலம் இரண்டு சென்டிமீட்டர்.

மௌஸ் ஈரமாக இருந்தது. எந்தக் கழுதை தண்ணீரைக் கொட்டியது என்று மேஜையைத் தடவினேன். மேஜை காய்ந்திருந்தது.

கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் நின்றது. திரை அணையவில்லை.

புளக்...

மேஜைமேல் இருந்த மாதிரிப் பெட்டிக்குள்ளிருந்து காற்றுக்குமிழி கிளம்பும் சத்தம்.

புளக்... புளக்...

“யாருடா அது? வேலை நேரத்துல விளையாட்டா?” என்று கத்தினேன்.

சத்தம் நின்றது.

2:30. நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கணக்கு தானாக ஓடியது.

அதே நான்காவது கால். அந்தச் சிவப்பில் இப்போது கோடுகள். வளைவு வளைவாக... நெருக்கமாக...

ரேகை.

கட்டைவிரல்.

அந்த மாதிரிப் பெட்டி திறந்து கிடந்தது. நான்தான் திறந்து வைத்திருந்தேன்.

மூடி அசைந்தது.

மெதுவாக...

டக்.

கொக்கி விழுந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

கொக்கி!

அப்போதுதான் உறைத்தது. கொக்கி ஒரு பக்கம் மட்டும்தானே இருக்கிறது? பிறகு எப்படி இது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும் பெட்டி? கால் பங்குக் கணக்கே செல்லாது. படம் போட்டவர்கள் கொக்கியையே விட்டுவிட்டார்கள். சிவப்பு விழுந்தது சரியாகக் கொக்கியின் இடத்தில். நானும் பார்க்காமல் அந்தக் கால் பங்கை இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். என்னை நானே அறையலாம் போலிருந்தது.

கொக்கியைச் சேர்த்து முழுப் பெட்டிக்கும் போட்டேன். 2:52. இருபத்து மூன்றாவது மீட்டரிலேயே கொக்கிப் பக்கம் மூடி வளைந்து, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பரை விட்டு விலகியது. நாற்பது எங்கே, இருபத்து மூன்று எங்கே!

மேனேஜர் பல் குத்திக்கொண்டே வந்தான். பழைய படத்தைக் காட்டினேன். நான்கு காலும் நீலம். விரலும் இல்லை, ரேகையும் இல்லை.

“நல்லாத்தானே சார் இருக்கு?”

புதுப் படத்தைக் காட்டினேன். பல்குச்சி கீழே விழுந்தது.

“இது... வெளிய தெரிய வேண்டாம் சார். நீங்க அந்தக் கால் பங்குலயே...”

‘தாங்காது’ என்று எழுதினேன். அன்றைய தேதி போட்டேன்.

“கையெழுத்துதானே கேட்டே? இந்தா.”

ஒரு நகலை அணை ஆஃபீஸுக்கும் நானே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை, அந்த நகலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என் வீட்டு வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம்.

“எங்க அண்ணன் மூடியைச் சரியா மூடலையாம் சார். தப்பு அவரு மேலதான்னு உங்க மேனேஜர் சொல்றாரு.”

“எந்த அண்ணன்?”

“இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு இறங்குனவரு.”

“அடுத்த வாரம்தானே இறங்கறதா...?”

“இல்ல சார். நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்குக் காலையிலயே இறங்கிட்டாரு. பன்னெண்டு மணிக்குத் தூக்கும்போதே உசிரு இல்ல. பன்னெண்டேகாலுக்கு உங்க மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னோம்.”

அவன் எனக்குப் போன் போட்டது ஒன்று ஐந்துக்கு. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நேற்றைய தேதி கேட்டிருக்கிறான். முந்தின நாளே பெட்டி தேறிவிட்டது என்று காட்டி, செத்தவர் தலையில் பழியைக் கட்ட என் பேனா வேண்டியிருந்திருக்கிறது.

“கட்டைவிரல் கொக்கி மேலயே இருந்துச்சு சார். பிரிச்செடுக்க மூணு பேரு வேண்டியிருந்துச்சு.”

“உங்க அண்ணன் சரியாத்தான் மூடியிருந்தாரு. தண்ணி புகுந்தப்பவும் விடாம அமுக்கிப் பிடிச்சிருந்தாரு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். நான் பாத்தேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“நீங்க அங்க இருந்தீங்களா? எத்தனை மணிக்கு சார் பாத்தீங்க?”

“ரெண்டரைக்கு,” என்றேன்.