தங்கம் தேடிய மேடு சரிந்தபோது

நாங்கள் ஓமானில், சோஹாரில் இருக்கிறோம். மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்று உண்டு. அங்கே மேடு மேடாகக் கொட்டிக் கிடக்கும் கழிவு மண்ணைத் தட்டில் அலசித் தங்கத் துகள் தேடுவது எனக்கும் கணவருக்கும் விடுமுறைப் பொழுதுபோக்கு.

கனமான துகள் அடியில்தான் தங்கும் என்று, அன்று ஒரு மேட்டின் அடிப்பகுதியைக் குடைந்துகொண்டே போனேன். தலைக்கு மேல் பொடிக்கற்கள் உருண்டதைப் பொருட்படுத்தவில்லை. திடீரென்று மேடு சரிந்து என்னை மார்புவரை மூடியது. விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியவில்லை.

காரிலிருந்து தண்ணீர் எடுக்கப் போயிருந்த கணவர், சத்தம் கேட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். மேலிருந்து இன்னும் மண் இறங்கியது.

"இழுக்காதீங்க! நெஞ்சுக்கிட்ட தோண்டுங்க!" என்றேன் திணறியபடி.

"பேசாத, மூச்சு விடு. நான் இருக்கேன்ல," என்றவர், அலசும் தட்டாலேயே மண்ணை வாரினார். நெஞ்சு விடுபட்டதும் வாய்விட்டு அழுதேன். கால்களை விடுவிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கால் எலும்பில் விரிசலோடு தப்பினேன். இன்றும் போகிறோம். ஆனால் சமதளத்தில் பரவிக் கிடக்கும் மண்ணை மட்டுமே அலசுகிறோம். ஒருவர் குனிந்தால் மற்றவர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் பக்கத்திலேயே நிற்கிறோம்.